ஒரே தெருவில் ஐந்தாவது கடை: ராமநாதபுரம் கடலோரத்தில் சின்ன சாப்பாட்டுத் தொழில்கள் சேர்ந்து பிழைப்பது எப்படி

ராமநாதபுரம் கடலோரத்தில் இட்லிக் கடையோ மீன் சாப்பாட்டுக் கடையோ, கருவாடோ தொதல் என்கிற இனிப்போ கருப்பட்டியோ, ஏதோ ஒன்று சின்னதாக ஆரம்பிக்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது எவ்வளவு முதல் வேண்டும் என்பதுதான். அதைச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். ஏற்கெனவே நாலு கடை இருக்கிற தெருவில் ஐந்தாவதாகப் போய் அடுப்பு மூட்டி, அந்த நாலு பேர் வயிற்றிலும் அடிக்காமல், தன் வயிற்றையும் காயப்போடாமல் எப்படி ஓட்டுவது என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

தேவிபட்டினம், தொண்டி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, மூக்கையூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் சங்கதி ஒன்றுதான். சாப்பிட வருகிற கூட்டம் சிறியது, அதுவும் பெரும்பாலும் ஒரே கடலை நம்பிய கூட்டம். படகு போகாத நாளில் எல்லார் கல்லாவும் ஒன்றாகக் காலியாகும். மதுரை மாதிரி ஊரில் பக்கத்துக் கடை மூடினால் அந்த வியாபாரம் நமக்கு வரும் என்று கணக்குப் போடலாம். இங்கே அப்படி இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு முக்கில் மூன்று கடை இருந்தால்தான் வேன் டிரைவர் வண்டியை ஓரம் கட்டுவார். ஒருத்தருக்கு இட்லி, ஒருத்தருக்கு மீன் குழம்பு, பிள்ளைகளுக்கு ஏதாவது என்று அங்கே கிடைக்கும் என்ற நம்பிக்கை. ஒரே ஒரு கடை மிஞ்சினால் வண்டி நேராக அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆகவே பக்கத்துக் கடைக்காரர் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பது பெரிய மனசு ஒன்றும் இல்லை, சுத்தமான சுயநலம்தான், அதை அப்படியே வைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம்.

கடலில் இருக்கிற முறையைக் கரையில் வையுங்கள்

பாக் விரிகுடாவில் விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே தண்ணீரில்தான் தொழில் செய்கின்றன. இரண்டும் ஒரே நாளில் இறங்கினால் வலை அறும், கை கலப்பு வரும். அதனால்தான் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மீதி நான்கு நாள் என்று முறை வந்தது. ராமேஸ்வரத்தில் விசைப்படகு திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கிளம்பி மறுநாள் காலையில் கரை திரும்பும். இந்த ஏற்பாடு தகராறே இல்லாமல் நடக்கிறது என்று சொல்ல மாட்டேன், ஆனால் முறை என்று ஒன்று இருப்பதால்தான் யார் மீறினார்கள் என்று கேட்கவாவது முடிகிறது.

சாப்பாட்டுக் கடைக்கும் இதேதான். புதிதாக ஆரம்பிக்கிறவர் முதலில் செய்ய வேண்டிய வேலை, கொஞ்ச நாள் சும்மா தெருவில் நின்று யார் எந்த நேரத்தில் என்ன விற்கிறார்கள் என்று பார்ப்பது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குக் கடலுக்குப் போகிறவர்களுக்கு டீ போடுவது யார். ஆறு மணிக்கு இடியாப்பமும் இட்லியும் யார். மீன் ஏலம் முடிந்து பத்து மணிக்குப் பசியோடு வருகிறவர்கள் எங்கே உட்காருகிறார்கள். மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் வடை, ராத்திரி பரோட்டா. இப்படி ஒரு நாளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் எங்கோ ஓர் ஓட்டை தெரியும். பல ஊர்களில் அது சாயங்காலம் நாலு மணி முதல் ஏழு மணி வரை. சில இடத்தில் படகு கரை திரும்பும் காலை நேரமே ஆளில்லாமல் கிடக்கும், ஏனென்றால் ராத்திரிக் கடைக்காரர் அப்போதுதான் படுத்திருப்பார். அந்த ஓட்டைதான் உங்கள் இடம்.

அப்புறம் போர்டு மாட்டுவதற்கு முன்னால் நாலு கடைக்கும் போய்ச் சாப்பிடுங்கள். காசு கொடுத்துச் சாப்பிடுங்கள், ஒரு தடவை இல்லை, பல நாள். அதற்கப்புறம் நேரில் சொல்லுங்கள். "அக்கா, நானும் பக்கத்துல சின்னதா ஒரு கடை போடலாம்னு இருக்கேன். காலையில உங்க இட்லி ஓடுது, அதுல நான் கை வைக்க மாட்டேன். சாயங்காலம் பணியாரமும் சுண்டலும் போடுறேன்" என்று சொன்னால், பெரும்பாலும் பதிலுக்கு ஒரு நிபந்தனை வரும்: "சரி போடு, ஆனா உளுந்த வடை மட்டும் வேணாம்ப்பா, அது நான் போடுறது." வந்தால் சந்தோஷப்படுங்கள். நிபந்தனை போட்டார் என்றால் நீங்கள் அங்கே இருக்கப் போவதை அவர் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். ஒன்றும் சொல்லாமல் "உங்க இஷ்டம்" என்று திரும்பிக்கொண்டார் என்றால்தான் வேலை இருக்கிறது. அவருடைய சொந்தக்காரர், ஜமாஅத்துப் பெரியவர், ஊர்த் தலைவர், மாதா கோயில் பங்குப் பேரவையில் இருப்பவர் என்று அவர் மதிக்கிற ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு இன்னொரு தடவை போக வேண்டும்.

விலையில் ஒரு விஷயம். டீ, வடை, இட்லி இந்த மூன்றின் விலையைத் தெருவில் எல்லாரும் ஒன்றாக வைத்துக்கொள்வது நல்லது. மற்றதில் அவரவர் கைப்பக்குவத்துக்குத் தகுந்த விலை. டீயில் ஒரு ரூபாய் குறைத்து ஆள் பிடிக்கிறவர் முதல் வாரம் ஜெயிப்பார், ரெண்டாவது வாரம் எல்லாரும் குறைப்பார்கள், மூன்றாவது வாரம் எல்லார் டீயிலும் பால் குறையும்.

உங்களிடம் இல்லாததை வாங்கிக் கொடுங்கள். உங்கள் கடையில் உட்கார்ந்த ஆள் மீன் வறுவல் கேட்டால், எதிர்க்கடையிலிருந்து தட்டில் வாங்கி வந்து வையுங்கள், அதே விலைக்கு, நடுவில் கமிஷன் வைக்காமல். அவர் உங்கள் பணியாரத்தை அப்படியே வாங்கிக் கொடுப்பார். ஒரு மாதத்தில் தட்டு அடையாளம் மாறிப்போய் எந்தத் தட்டு யாருடையது என்று தெரியாமல் போகும், அதற்கு மட்டும் தட்டின் பின்னால் பெயின்ட்டில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

கைமாற்று

கடைக்கும் கடைக்கும் நடுவில் தினமும் ஓடுவது பணத்தைவிடப் பொருள்தான். சில்லறை, மாவு, ஐஸ், விறகு, அண்டா, தண்ணீர், சிலிண்டர். இது நன்றாக ஓடினால் தெரு ஓடும், ஆனால் இதில்தான் பாதி மனஸ்தாபமும் வருகிறது. ஏன் என்றால் யாரும் எழுதி வைப்பதில்லை. "நமக்குள்ள என்ன கணக்கு" என்று சொல்கிறவர்தான் ஆறு மாதம் கழித்து மனசுக்குள் பெரிய கணக்கு வைத்திருப்பார்.

வழி சுலபம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு. வாங்கியதும் கொடுத்ததும் தேதியோடு. பொருளாக வாங்கியதைப் பொருளாகவே, அதே அளவில், மறுநாளுக்குள் திருப்புங்கள். மாவு வாங்கியவர் காசு கொடுக்கக் கூடாது, மாவுதான் கொடுக்க வேண்டும். காசு கொடுத்தால் அது வியாபாரம் ஆகிவிடும், நாளைக்கு அவசரத்துக்குக் கேட்கும்போது அவரும் விலை சொல்வார். இன்னொன்று, கைமாற்று வேறு, உதவி வேறு. வீட்டில் சாவு, பிரசவம், ஆஸ்பத்திரி என்று வந்தபோது பக்கத்துக் கடைக்காரர் உங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டார் என்றால் அதை அந்த நோட்டில் ஏற்றவே கூடாது. அதற்குப் பதில் அவர் வீட்டு விசேஷத்தில்தான், மொய்யோடு, நேரில்.

சிலிண்டர் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கடைக்கு வாங்க வேண்டியது 19 கிலோ வணிக சிலிண்டர். பண்டிகைக் கூட்டத்தில் நடுவில் தீர்ந்துபோகும்போது வீட்டில் இருக்கிற 14.2 கிலோ சிலிண்டரைத் தூக்கி வந்து மாட்டத் தோன்றும். அது சட்டப்படி தப்பு, சோதனையில் பிடித்தால் சிலிண்டரும் போகும் அபராதமும் வரும். நாலு கடைக்காரர்கள் சேர்ந்து பொதுவாக ஒரு வணிக சிலிண்டரை நிரப்பி ஒருத்தர் கடையில் பூட்டி வைத்துக்கொள்ளலாம். எடுத்தவர் அன்றைக்கே புக் பண்ண வேண்டும், புது சிலிண்டர் வந்ததும் அதே இடத்தில் வைக்க வேண்டும். டெபாசிட்டும் முதல் நிரப்பலும் நாலு பங்கு. ஒருத்தருக்கும் தனியாகக் கட்டாது, நாலு பேருக்குக் கட்டும்.

தண்ணீரும் அப்படித்தான். இந்தக் கரையில் பல இடத்தில் நிலத்தடித் தண்ணீர் உப்பு, சோறு பொங்கினால் நாக்கில் தெரியும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாள் வரும், வராத நாள் வராது. தனித்தனியாகக் குடம் வாங்குவதைவிட நாலு பேர் சேர்ந்து ஒரு டேங்கர் இறக்கினால் செலவு குறையும். ஆனால் டேங்கர் லாரி வரும்போது ஒருத்தர் கடையில் டிரம் நிறைந்து வழியும், இன்னொருத்தருக்கு அடியில் இருக்கிற கலங்கல்தான் வரும். அதனால் யார் முதலில் பிடிப்பது என்பதையும் வாரத்துக்கு ஒருத்தராக மாற்றி வையுங்கள். சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் கடைசியாகப் பிடித்தே பழகியவர்தான் ஒரு நாள் "நான் தனியா வாங்கிக்கிறேன்" என்று விலகுவார்.

இதையெல்லாம்விடப் பெரிய கைமாற்று தகவல். நாளைக்குப் படகு போகுமா போகாதா என்று இன்றைக்குச் சாயங்காலமே தெரிந்தால் அரிசியும் உளுந்தும் மிச்சம். கடலுக்குப் போக மீன்துறை அனுமதி டோக்கன் கொடுக்கவில்லை, பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், இலங்கைக் கடற்படை படகைப் பிடித்ததால் வேலைநிறுத்தம் அறிவித்திருக்கிறார்கள், இப்படி ஏதாவது ஒரு சேதி வாரத்தில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். படகு வைத்திருக்கும் சம்மாட்டி வீட்டோடு பழக்கம் உள்ள கடைக்காரருக்கு அது முதலில் தெரியும். அவர் அதைத் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற மூன்று பேர் மாவு ஆட்டி வைத்துப் புளிக்கப்போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அந்தத் தெருவில் எந்த ஒற்றுமையும் நிற்காது. வாட்ஸ்அப் குழு வைத்தால் அதில் இந்த ஒரு சேதிக்கு மட்டும் இடம் கொடுங்கள்: சாயங்காலம் நாலு மணிக்குள், அரிசி ஊறப்போடுவதற்கு முன்னால், "நாளைக்கு உண்டு" அல்லது "இல்லை". காலை வணக்கப் படங்களுக்கு வேறு குழு வைத்துக்கொள்ளட்டும்.

தடைக்காலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகு போகும். இது வருஷா வருஷம் தேதி மாறாமல் வருகிற விஷயம், ஆனாலும் பாதிக் கடைகள் ஏப்ரல் 14 வரை கடனுக்குக் கொடுத்துவிட்டு 16ஆம் தேதி முழித்துக்கொண்டு நிற்கும்.

முதல் வேலை பற்று நோட்டு. கடல் தொழிலில் பங்கு பிரித்தால்தான் கையில் காசு வரும், அதனால் கடன் கொடுக்காமல் இங்கே கடை நடத்த முடியாது. மார்ச் கடைசியில் எல்லாப் பற்றையும் கூட்டி ஒவ்வொருத்தரிடமும் தொகையைக் காட்டிவிடுங்கள், கேட்க வேண்டாம், காட்டினால் போதும். பாதியாவது வரும். தடைக்கால நிவாரணமாக மீனவர் குடும்பத்துக்கு அரசு 8,000 ரூபாய் கொடுக்கிறது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் 5,000 ரூபாயை இந்த அளவுக்கு உயர்த்தி அறிவித்தார்கள். அந்தப் பணம் வங்கியில் ஏறிய அன்றைக்கே வாசலில் போய் நிற்கிற கடைக்காரர் உண்டு. நிற்காதீர்கள். அது அரிசிக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கும் வந்த பணம். ஜூன் 15க்கு அப்புறம் முதல் ரெண்டு மூன்று நடை மீன் விற்றதும் தானாக வருகிறவர்கள்தான் அதிகம், வராதவர் எந்தத் தேதியில் கேட்டாலும் தரப்போவதில்லை.

கடன் தராமல் இழுக்கிறவர் பெயரைத் தெருவில் கடைக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது வழக்கம். அதில் தப்பில்லை. ஒரு கடையில் பாக்கி வைத்துவிட்டு அடுத்த கடையில் கணக்கு ஆரம்பிக்க வந்தால், "அண்ணே, அங்க கொஞ்சம் முடிச்சிட்டு வாங்களேன்" என்று சொல்லும் ஊர்களில் எல்லாக் கடையும் தப்பிக்கிறது. ஆனால் பெயரை எழுதி ஒட்டுவது, குழுவில் போடுவது, பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் கேட்பது எல்லாம் வேண்டாம். அந்த ஆளுக்கு இரண்டு மச்சான், நாலு பங்காளி இருப்பார்கள், அத்தனை பேரும் உங்கள் கடைக்கு வருவது நிற்கும்.

இரண்டாவது, அந்த இரண்டு மாதத்தில் கடையை முறை வைத்துத் திறங்கள். கூட்டம் பாதியானால் நாலு கடையும் தினமும் திறந்து நாலு பேரும் பாதிச் சோற்றைக் கொட்டுவதில் அர்த்தமில்லை. இன்றைக்கு நீங்கள் இருவர், நாளைக்கு மற்ற இருவர். மூடியிருக்கிற நாளில் வேறு வேலைக்குப் போகலாம். அந்தச் சமயத்தில் நல்ல வேளையாகப் பனை கை கொடுக்கிறது: நுங்கு, பதனீர், கருப்பட்டி எல்லாம் அந்த வெயில் காலத்துச் சரக்கு. சாயல்குடிப் பக்கம் பனையேறிக் குடும்பம் ஏதாவது ஒன்றோடு வருஷம் முழுக்கப் பழக்கம் வைத்திருந்தால், பதனீர் இறக்கிய காலையிலேயே உங்கள் கடை வாசலில் விற்கலாம், வெயில் ஏறினால் புளித்துவிடும் என்பதால் தூரத்து வியாபாரி அதில் உங்களோடு போட்டி போட முடியாது. அவர்களுக்கு நீங்கள் செய்ய வேண்டியது, மார்கழி தை மாதத்தில் பனங்கிழங்கையும் விலை பேசாமல் எடுத்து விற்றுக் கொடுப்பது. சீசனில் மட்டும் வந்து நிற்கிறவரைப் பனையேறிகளும் சீசன் ஆளாகத்தான் வைத்திருப்பார்கள்.

மிளகாயும் அந்தக் காலத்தில்தான் வாங்க வேண்டும். நம் குண்டு மிளகாய்க்கு, முண்டு என்றும் சொல்கிறோம், 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேர் வந்தபிறகு விலையும் மேலே போகத்தான் செய்யும். வருஷத்துக்குத் தேவையான வத்தலை அறுவடை நேரத்திலேயே தெரிந்த விவசாயி வீட்டுக் களத்தில் நாலு கடை சேர்ந்து மூட்டையாக எடுத்து, நன்றாகக் காய வைத்து, ஒரே மில்லில் அரைத்துப் பிரித்துக்கொள்ளலாம். மல்லியும் மஞ்சளும் அவரவர் கணக்கில் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நாலு கடைக் குழம்பும் ஒரே ருசியில் இருக்கும், அது யாருக்கும் நல்லதில்லை.

கருவாடு காயப்போடும் மணல்

கருவாட்டுத் தொழிலைப் பெண்கள்தான் செய்கிறார்கள், அதனால் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. கடையைவிட இதில் உறவு இன்னும் நெருக்கமாக வேலை செய்கிறது, ஏனென்றால் இங்கே கடையே கிடையாது, மணல்தான் கடை. கடற்கரையில் யார் எந்த இடத்தில் வலை விரித்துக் காயப்போடுவது என்பதற்குப் பட்டா இல்லை, பத்திரம் இல்லை. "அது மேரியக்கா இடம்" என்று சொல்கிற மாதிரி ஒரு பேச்சுதான் பத்திரம். புதிதாக வருகிற மருமகளோ வேறு ஊர்க்காரரோ முதலில் மாமியார் அல்லது மதினி இடத்தின் ஓரத்தில் கொஞ்சம் கேட்டு வாங்கி, ஒரு சீசன் அவர்களோடு சேர்ந்து காயப்போட்டு, அப்புறம்தான் தனி இடம் கேட்க முடியும். அவசரப்பட்டால் நடக்காது.

நெத்திலி நல்ல வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும், பெரிய மீனை வகுந்து உப்பு வைத்துத்தான் போட வேண்டும். உப்புக்கு நமக்குத் தூரம் போக வேண்டியதில்லை, வாலிநோக்கத்திலேயே தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளம் இருக்கிறது. ஐந்தாறு பேர் சேர்ந்து மூட்டைக் கணக்கில் எடுத்தால் சில்லறை விலையைவிட நன்றாகக் குறையும்.

மேகம் கறுக்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். ஒருத்தி "ஏய், மழை!" என்று கத்தினால் அத்தனை பேரும் ஓடுவார்கள், ஆனால் தன் மீனை நோக்கி ஓடுவதில்லை, கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற மீனை நோக்கித்தான் ஓடுவார்கள். இரண்டு பேர் வலையின் இரண்டு முனையைப் பிடித்து உள்பக்கமாக மடித்து, அப்படியே மூட்டையாகத் தூக்கி, கூரைக்குக் கீழே போட்டுவிட்டுத் திரும்ப ஓடி வருவார்கள். யாருடையது என்று பிரிப்பது அப்புறம், நனைந்ததைத் தனியாக வைத்து. பக்கத்து வலையை எடுக்காமல் தன்னுடையதை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறவள் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும்போது அவள் கருவாட்டை நாய் தின்னும், காக்கா தின்னும், யாரும் விரட்ட மாட்டார்கள். இதை யாரும் சட்டமாக எழுதவில்லை, எழுதவும் தேவையில்லை. காவலுக்கு முறை, மழைக்கு எல்லாரும் என்று பேசி வைத்தால் போதும். ஐப்பசி கார்த்திகையில் மழைக்காலம் முழுக்க இதுதான் நிலை, அதனால் முடிந்தால் குழுவாகச் சேர்ந்து மணலைவிட்டு உயரமாகக் கம்பி வலைப் பரண் கட்டிவிடுங்கள். மண் ஒட்டாத கருவாட்டுக்கு வெளியூரில் விலையே வேறு.

தூரத்து ஆட்கள்

பக்கத்தில் இருப்பவர்களோடு ஒத்துப்போவது தெருவைக் காப்பாற்றும். ஆனால் புதுக் காசு பெரும்பாலும் தூரத்து ஆட்கள் வழியாகத்தான் வருகிறது, அவர்களோடு பழக்கம் மெல்லிசாக இருந்தாலும் போதும். யாத்திரை வேன் டிரைவர், லாட்ஜில் இருக்கிற வாட்ச்மேன், மாற்றலாகிப் போன டீச்சர், பரமக்குடிச் சந்தையில் கருவாடு விற்கிறவர், வளைகுடாவில் இருக்கிற ஒருத்தர்.

ஒரே வழியை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ரயில் நல்ல உதாரணம். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது, புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதிதான் திறந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் ராமேஸ்வரம் ஸ்டேஷனுக்கு ரயிலே வரவில்லை, பயணிகள் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும் இறங்கி பஸ்ஸில் வந்தார்கள். ஸ்டேஷன் வாசலை மட்டும் நம்பிக் கடை போட்டிருப்பவர் அப்போது பஸ் ஸ்டாண்டிலோ மண்டபத்திலோ ஒரு தெரிந்த முகம் இருந்தால்தான் தாக்குப்பிடிக்க முடியும்.

டிரைவர்களுக்குக் கமிஷன் கொடுப்பது நம் பக்கம் நிறையவே நடக்கிறது. என் அபிப்பிராயம், வேண்டாம். இன்றைக்கு நீங்கள் ஒன்று கொடுத்தால் நாளைக்கு எதிர்க்கடை ஒன்றரை கொடுக்கும், கடைசியில் அந்தப் பணம் மீன் துண்டின் அளவில்தான் குறையும். டிரைவருக்கு நல்ல சாப்பாடு, கை கழுவத் தண்ணீர், அரை மணி நேரம் படுக்க ஒரு கட்டில் கொடுங்கள். இரவெல்லாம் ஓட்டி வருகிறவருக்குக் கட்டில்தான் பெரிசு.

திருவிழாக் கணக்கை எல்லா மதத்துக்கும் சேர்த்து ஒரே காலண்டரில் குறித்து வையுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம், தேவிபட்டினம், சேதுக்கரை நிறையும். கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள், அப்போது மீன் கடைக்காரர் பக்கத்து சைவக் கடைக்கு ஆள் பலமாக நிற்கலாம். ஏர்வாடி சந்தனக்கூடு பிறைக் கணக்கில் வருவதால் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும், போன வருஷத் தேதியை நம்பிச் சரக்கு எடுக்காதீர்கள். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் கஞ்சி வாங்கத் தூக்குச் சட்டியோடு வருகிறவர்களுக்கு வடையும் சமோசாவும் வேண்டும். அந்த நேரத்தில் முஸ்லிம் கடைக்காரர்கள் பலர் நோன்பு திறக்கப் போய்விடுவார்கள், மற்றவர்கள் அவர்கள் கடையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அது திரும்பி வரும்.

பெரிய ஆர்டரைப் பிரிப்பது

கீழக்கரை தொதல் மாதிரிப் பண்டத்துக்குத் தனி ஆள் போதாது. அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி எல்லாம் ஒரே சட்டியில் சேர்ந்து எண்ணெய் பிரிந்து வரும்வரை பல மணி நேரம் அடி பிடிக்காமல் கிண்ட வேண்டும், போகப்போக இறுகிக் கரண்டி நகராது. அதனால் தெருப் பெண்கள் மாறி மாறிக் கிண்டுவார்கள். வெளிநாடு போகிறவர் பெட்டியில் வைக்க, கல்யாணத்துக்கு, பெருநாளைக்கு என்று பத்துக் கிலோ, இருபது கிலோ ஆர்டர் வந்தால் சேர்ந்து செய்வதற்கு இந்த ஒழுங்கு உதவும்: ஆர்டர் யார் பெயரில் வந்ததோ அவர்தான் அந்த ஒரு ஆர்டருக்குப் பொறுப்பு. சாமான் அவர் வாங்க வேண்டும், ஒரே கருப்பட்டி, ஒரே அளவு. கிண்டுகிறவர்களுக்கு நேரக் கூலி, லாத்தாவாக (அக்காவாக) இருந்தாலும் தங்கச்சியாக இருந்தாலும் ஒரே கூலி. லாபம், நஷ்டம், தீய்ந்து போனால் திட்டு, மூன்றும் ஆர்டர் எடுத்தவருக்கு. அடுத்த ஆர்டர் வேறொருத்தர் பெயரில். எல்லாரும் எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்று வைத்தால் தீய்ந்த தொதலுக்கு ஆளே கிடைக்காது.

பொட்டலத்துக்கு ஓலைக்கொட்டான் வாங்கிக்கொள்ளுங்கள். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டில் தடை செய்திருக்கிறார்கள், அப்புறம் ஓலை முடைகிறவர்களும் நம் ஊர்ப் பெண்கள்தான், அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் பண்டம் உங்களிடம்தான் வாங்குவார்கள்.

உறவு கழுத்தைப் பிடிக்கும்போது

எல்லா உறவும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. முன்பணம் கொடுத்து, "சரக்கை எனக்கு மட்டும்தான் தர வேண்டும், நான் சொல்கிற விலைக்கு" என்று கட்டுகிற வியாபாரியும் வீட்டுக்கு வந்து காபி குடித்து மாமா மச்சான் என்றுதான் பேசுவார். அவரிடமிருந்து வாங்குவதற்கு முன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தக் கடன் இருக்கும்போது நான் வேறு ஒருத்தருக்கு விற்கலாமா?" இல்லை என்றால் அந்தப் பணம் வேண்டாம். வட்டிக்காரரும் அப்படித்தான், அநியாய வட்டிக்கு எதிராக 2003லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, ஆனால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் நிலைமை வருவதற்கு முன்னால் மகளிர் குழுவில் சேமித்து, குழுக் கடனாக வாங்குவது எவ்வளவோ மேல்.

சொந்தக்காரர் இலவசமாகச் சாப்பிடுவது அடுத்த வியாதி. வாரத்தில் ஒரு நாள், உங்கள் வீட்டில் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்கள். கடையில் எல்லாருக்கும் காசு. இதைக் கடை திறக்கும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், மூன்றாவது மாதம் சொன்னால் குடும்பச் சண்டை.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் ஊர்களில் ஒற்றுமை என்பது பல இடத்தில் நம்ம ஆட்களுக்குள் ஒற்றுமை. டேங்கர் தண்ணீர், திருவிழாக் கடை இடம், கடற்கரை மணல், இந்த மூன்றும் எந்த சாதிக்காரருக்கு, எந்தத் தெருக்காரருக்குக் கிடைக்கவில்லை என்று பாருங்கள். கணவனை இழந்து தனியாக இட்லி விற்கிற பெண்ணை யாரும் முறையில் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். அவரைச் சேர்ப்பது தர்மம் என்பதை விடுங்கள், முறைக்கு வெளியே நிற்கிற ஒருத்தர்மேல் எந்த நிபந்தனையும் செல்லாது, அவர் எந்த நேரத்தில் எதை எந்த விலைக்கு விற்றாலும் கேட்க முடியாது. முறை நிலைக்க வேண்டும் என்றால் எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும்.

சண்டை வந்தால் அன்றைக்கே பேச வேண்டாம், அடுப்பு சூட்டில் பேசினால் பழைய கதையெல்லாம் வரும். மறுநாள் மத்தியானம், இரண்டு பேர் கடையிலும் இல்லாமல் மூன்றாவது கடையில், கைமாற்று நோட்டோடு உட்காருங்கள். மூன்றாவது கடைக்காரர் தீர்ப்பு சொல்லத் தேவையில்லை, டீ போட்டுக் கொடுத்தால் போதும்.

கடைசியாகக் காகிதம். எவ்வளவு சேர்ந்து தொழில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு ஒவ்வொரு கடைக்கும் தனி, அந்த 14 இலக்க எண் உங்கள் கடைக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பக்கத்துக் கடை எண்ணைப் பொட்டலத்தில் அச்சடித்து விற்றால் ஒரு புகாரில் இரண்டு கடையும் மாட்டும். விண்ணப்பிக்கப் போகும்போது நாலு பேரும் ஒரே நாளில் ஒன்றாகப் போங்கள், ஆட்டோ செலவு மிச்சம், ஒருத்தருக்கு விடுபட்ட காகிதத்தை இன்னொருத்தர் பார்த்துச் சொல்லலாம். 2020இல் ஆரம்பித்த பிரதமரின் சிறு உணவுப் பதப்படுத்தும் தொழில் திட்டத்தில் 35 சதவீத மானியம், உச்சவரம்பு 10 லட்சம். மகளிர் குழு உறுப்பினருக்குத் தொடக்க முதலாக 40,000 ரூபாய் வரை உண்டு. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டுக் கருவாட்டுப் பரணுக்கோ மிளகாய் அரைக்கும் மெஷினுக்கோ எழுதுங்கள். மெஷினைக் குழுவின் பெயரில் வாங்கினாலும், யார் இடத்தில் வைப்பது, கரண்ட் பில் யார் கட்டுவது, பெல்ட் அறுந்தால் யார் செலவு என்ற மூன்றையும் மெஷின் வந்து இறங்குவதற்கு முன்பே தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.